ஆற்றைக் கடந்த விதம்

மூன்று பாகம், இரண்டாயிரத்து நூறு பக்கம்.
எனக்குக் கொடுத்தது நூற்று நாற்பது நிமிடம்.
பக்கத்துக்கு நான்கு நொடி என்று
பெட்ரோல் ரசீதின் முதுகில் கணக்குப் போட்டேன்.
நான்கு நொடியில் ஒருவர் தும்மலாம்.
ஒரு மன்னன் சாகலாம், அவசரமாக.

முதலில் குதிரை.
நூலில் எங்கேயும் அதற்கு நிறமில்லை.
'தினாராவின் குதிரை' என்று மட்டும் எழுதிவிட்டு
இறந்துபோனார் அந்த மனிதர்.
திபிலீசியில் பத்துப் பேரைக் கேட்டேன்.
நேரில் பார்த்தவர்கள் போல அடித்துச் சொன்னார்கள்:
வெள்ளை. செம்பழுப்பு.
சாம்பல், நெற்றியில் சுட்டியோடு.
வாடகைக்குக் கிடைத்தது கறுப்பு.
ஒன்பது பேரை அன்றே இழந்தேன்.

பிறகு ஆறு.
இரண்டாம் பாகம், பதினோராம் அத்தியாயம்,
நாற்பது பக்கம்: படை ஆற்றைக் கடக்கிறது.
யாரும் சாவதில்லை. யாரும் காதலிப்பதில்லை.
கயிறு கட்டுகிறார்கள். காத்திருக்கிறார்கள்.
ஒருவன் வெங்காயம் உரிக்கிறான்.
இரவில் நீர் ஒரு சாண் ஏறி
விடியலில் இறங்குகிறது.
'இதில் என்னதான் நடக்கிறது?' என்றார்
தயாரிப்பாளர் தெங்கிஸ்.
பதில் தெரியும் எனக்கு, சொல்லத் தெரியவில்லை.
சிவப்பு மையில் ஒரே கோடு.
இக்கரையில் உலர்ந்த காலணி. வெட்டு.
அக்கரையில் நனைந்த காலணி.
மூன்று நொடி.
மிச்சம் நூற்று ஐம்பத்தேழு நொடியை
ஒரு வாள்சண்டைக்குக் கொடுத்தேன்.

ஸ்வனேத்தியில் படப்பிடிப்பு, அக்டோபர்.
கல்கோபுரங்களுக்குப் பின்னால் ஜெனரேட்டர் உறுமும்.
விளக்குக் குழுவில் ஜும்பெர் என்றொருவர்
மூன்று நாள் என்னைச் சுற்றிச் சுற்றி வந்து
நான்காம் நாள் சூப் வரிசையில் கேட்டார்:
'நெஸ்தான், அவர்கள் ஆற்றை
எப்படிக் கடந்தார்கள்?'

தொண்ணூற்று மூன்றின் குளிர்காலம்.
நகரத்தில் மின்சாரம் இல்லை, எரிவாயு இல்லை.
தகர அடுப்புக்கு முதலில் நாற்காலி,
பிறகு தரைப்பலகை, பிறகு புத்தகம்.
படித்த பக்கத்தைக் கிழித்து உள்ளே போட்டு
அது எரியும் வெளிச்சத்தில்
அடுத்த பக்கத்தைப் படித்திருக்கிறார்.
ஓர் இரவு தங்கைக்குக் காய்ச்சல் ஏறியது.
கைக்கு வந்த நாற்பது பக்கத்தை
ஒரே கட்டாகப் போட்டார், படிக்காமல்.
காலையில் பன்னிரண்டாம் அத்தியாயத்தைத் திறந்தால்
எல்லோரும் அக்கரையில்.

'வேறு பிரதி கிடைத்திருக்குமே?'
'வாங்கினேன். அந்த இடம் வந்ததும் மூடிவிட்டேன்.
எரித்ததைப் படிப்பது சரியாகப் படவில்லை.
சரி, படத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று.'

சூப்பின் மேல் கொழுப்பு உறைந்துகொண்டிருந்தது.
கோடு போட்டதைச் சொன்னேன்.
'மூன்று நொடியா' என்றார்.
கொஞ்சம் கழித்து, 'யாருடைய காலணி?'

முப்பது வருடமாக நீங்கள்
எப்படித்தான் கடக்கவைத்தீர்கள் என்று கேட்டேன்.
சொன்னார்.
அதில் ஓர் எருமை இருந்தது, ஒரு மேளக்காரன் இருந்தான்,
தாடியில் பனிக்கட்டி மணிமணியாய்.
யாரோ ஒருவன் தோளில் ஒரு சிறுமி,
காய்ச்சல் விட்டவள்,
ஆழம் எங்கே என்று
தலையைத் தட்டித் தட்டிச் சொல்லிக்கொண்டே போனாள்.
நாற்பது பக்கத்தில் அப்படி ஒருத்தி இல்லை.
இல்லையென்று நான் சொல்லவில்லை.
தங்கையைப் பற்றியும் கேட்கவில்லை.

மறுநாள் காலணிக் காட்சி.
மேலிருந்த பெரிய விளக்கை அணைக்கச் சொன்னார் ஜும்பெர்.
தரையோடு தரையாக, ஓரமாக,
அடுப்பு உயரத்தில் சின்னதாய் ஒன்றை வைத்தார்.
தோலில் இருந்த ஈரம்
அசையத் தொடங்கியது.
தெங்கிஸ் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், இருமினார்.
ஜும்பெர் மண்டியிட்டபடி
விளக்கை இன்னும் ஒரு விரல் நகர்த்தினார்.

படத்தொகுப்பில் அது இப்போது ஏழு நொடி.
எவரும் கவனிக்கவில்லை.
வாள்சண்டையில் மட்டும் ஒருவன்
நான்கு நொடி முன்பே செத்துப்போகிறான்.