ஏழு மாசம்

கண்ணாடிக் கூண்டுக்குள் ஏறிக்
கைகளைத் தூக்கி மூன்று எண்ணும்வரை நிற்கணுமாம்.
முன்னால் நின்ற பையன் ஏறினான், இறங்கினான்,
பெல்ட்டை மாட்டிக்கொண்டே ஓடினான்.
திரையில் ஒரு சாம்பல் பொம்மை.
மூக்கு இல்லை, முடி இல்லை,
ஆணா பெண்ணா என்றுகூட இல்லை.
எங்கே சந்தேகமோ அங்கே ஒரு மஞ்சள் கட்டம்.

எனக்கு அது எங்கே விழும் என்று தெரியும்.

"இதுல வேண்டாம், கையால பாருங்க" என்றேன்.
திருவனந்தபுரமாச்சே என்று
"கை கொண்டு நோக்கியா மதி" என்றும் சொன்னேன்.
ஓரத்துப் பெஞ்சைக் காட்டினார்கள்.

அங்கே ஏற்கெனவே இரண்டு பேர்.
குளச்சல்காரர் சேசடிமை,
இடுப்புக்குள் ஈயத்துண்டு ஒன்று குடியிருப்பதாகச் சொன்னார்.
எந்தக் கடலில் பட்டது என்று நான் கேட்கவில்லை.
தேங்காப்பட்டணத்துப் பெண்ணொருத்தி
பாஸ்போர்ட்டால் விசிறிக்கொண்டிருந்தாள்.
எதற்கு உட்கார்ந்தாள் என்று சொல்லவில்லை.
நாங்களும் விட்டுவிட்டோம்.

விடியுமுன் மார்த்தாண்டத்தில் கார் ஏறியது.
களியக்காவிளையில்
டிரைவர் வேகத்தைக்கூடக் குறைக்கவில்லை.
எனக்குத்தான் அடிவயிறு தானாக இறுகியது.

பத்தொன்பது வயதில்
ரேஷன் அரிசி அஞ்சு கிலோ
பழைய வேட்டியில் சுற்றி இடுப்பில் கட்டி
இதே சாலையில் பஸ்ஸில் போயிருக்கிறேன்.
கம்பியோடு ஏறுவார்கள்.
மூட்டை என்றால் குத்திப் பார்ப்பார்கள்.
என்னைக் கண்டால், "எத்தனை மாசம்?"
"ஏழு மாசம்."
கல்யாணம் ஆகாதவள்
மாசத்துக்கு எட்டுத் தடவை ஏழு மாசம்.
பாறசாலைச் சந்தையில் பெற்றுப்போட்டு
ஒல்லியாய்த் திரும்புவேன்.
ஒரு தடவை முடிச்சு அவிழ்ந்து
படிக்கட்டில் பொலபொலவென்று கொட்டியது.
கண்டக்டர் பார்த்தார்,
விசிலை வாயில் வைத்துக்கொண்டு
வேறு பக்கம் திரும்பினார்.

அன்றைக்கு உடம்பில் ஒன்று கூடுதல்.
இன்றைக்கு ஒன்று குறைச்சல்.
குறைச்சலை ஒளிக்கத்தான் பாடு அதிகம்.

துணி மறைப்புக்குள் கூப்பிட்டாள் காக்கிக்காரி.
நெஞ்சில் பெயர்ப்பட்டை: ரீனா தோப்போ.
எழுத்துக் கூட்டிப் படித்து முடிப்பதற்குள்
அவள் கை தோளிலிருந்து இறங்கிவிட்டது.
வலப்பக்கம் தாண்டியது.
இடப்பக்கம் நின்றது.

"க்யா ஹை?"

நானே எடுத்துக் கொடுத்தேன்.
பழைய பாவாடைத் துணியில் தைத்தது.
வலதின் கனம் வரும்வரை
தூக்கித் தூக்கிப் பார்த்துக் கடுகு நிரப்பியது.
ஆஸ்பத்திரிக் கடையில் ரப்பரில் இருந்தது,
விலை கேட்டுவிட்டுப் பைய வைத்துவிட்டேன்.

குலுக்கினாள். பிதுக்கினாள். முகர்ந்தாள்.
"சர்சோ?"
"கடுகு."
எந்தப் பாஷை என்றாலும்
தாளிக்கிறவளுக்குத் தெரியாதா.

ஆனாலும் சட்டம் சட்டம்.
தட்டில் வைத்துப் பெல்ட்டில் விட்டாள்.
யாரோ ஒருவனுடைய ஷூவுக்கும்
நேந்திரங்காய் சிப்ஸ் பொட்டலத்துக்கும் நடுவில்
என் இடது மார்பு
ரப்பர் தொங்கல்களை விலக்கிக்கொண்டு உள்ளே போனது.

முந்தானையை இழுத்துப் போர்த்தி நின்றேன்.
அவளும் கூட நின்றாள்.
எங்கே, எதற்கு என்று கையால் கேட்டாள்.
ஷார்ஜா. மகள்.
வயிற்றுக்கு முன்னால் வளைத்துக் காட்டினேன்.
எத்தனை என்று விரல்களை மடக்கினாள்.

"ஏழு மாசம்."

காக்கிக்கு முன்னால் எத்தனையோ தடவை சொன்னதுதான்.
நாக்கு பழைய பழக்கத்தில் கொஞ்சம் பயந்தது.
அவள் சிரித்தாள், நம்பிவிட்டாள்.
அதற்கப்புறம்தான் நானும் நம்பினேன்.

பெல்ட்டின் அக்கரையில்
சேசடிமை எனக்கு முன்னே நின்றிருந்தார்,
நழுவும் கால்சட்டையை ஒரு கையால் பிடித்தபடி.
தட்டு வந்ததும் மறு கையால் அதை எடுத்து
கண்ணைக் கூரைக்குக் கொடுத்து நீட்டினார்.
"தையல் விட்டிருக்கு, பாத்துக்கிடுங்க."

தட்டில் மூன்று கடுகு கிடந்தது.
விரல்நுனியில் ஒற்றி எடுத்தேன்.
எங்கே வைப்பது என்று தெரியவில்லை.
பாஸ்போர்ட்டுக்குள் வைத்து மூடினேன்.