இருபது

தாராபுரம் அரசு மருத்துவமனை,
எலும்புமுறிவு வார்டு, ஆண்கள்.
பதினெட்டுக் கட்டில், இருபத்திரண்டு பேர்.
எல்லோரும் நிமிடத்துக்கு இருபது முறை
மூச்சு விடுகிறார்கள், ஏட்டில்.

காய்ச்சலுக்குக் கருவி உண்டு,
ரத்த அழுத்தத்துக்குப் பட்டை உண்டு.
மூச்சை மட்டும்
பக்கத்தில் நின்று எண்ண வேண்டும்.
நிற்க நேரமில்லை.
இருபது என்று போட்டால்
யாரும் கேட்பதுமில்லை.
பத்து மணிக்கு நானும் போட்டேன்,
ஏழாம் கட்டில் சென்னியப்பனுக்கு.

காங்கயத்தில் தேங்காய்க் களத்து வேலை.
பருப்பு மூட்டையோடு லாரியிலிருந்து விழுந்து
தொடை எலும்பு இரண்டாகி மூன்று நாள்.
காலில் எடை கட்டித் தொங்குகிறது.
வலி பத்துக்கு எத்தனை என்றால்
"அதெல்லாம் ஒன்னுமில்லீங்க சிஸ்டர்."

நான் சாத்தான்குளத்துக்காரி.
வந்த புதிதில் இந்த "ங்க"
காதருகில் ஈ மாதிரி சுற்றியது.
ஆறு வருஷத்தில் பழகிக்கொண்டேன்:
"பரவாயில்லீங்க" என்றால் எட்டு,
"கொஞ்சம் கடுக்குதுங்க" என்றால்
டாக்டரைக் கூப்பிட வேண்டும்.

இரண்டு மணிக்கு ட்ரிப் மாற்றப் போனேன்.
எப்படி இருக்கு அண்ணா?
"பரவால்ல."

பாட்டிலைப் பிடித்தபடி நின்றுவிட்டேன்.
வைத்த இடத்தில் ஏதோ ஒன்றைக் காணவில்லை.
மனைவி பாவாத்தாளிடம்,
கேன்டீன் பையனிடம்,
வராந்தாவில் ஏறிய நாயிடம்கூட
"அக்கட்டால போங்க" என்ற மனிதர்.
தூக்கமா, கோபமா,
அல்லது அந்த இரண்டு எழுத்துக்கு
மூச்சு பத்தவில்லையா?

தெரிந்தால் மூச்சு நடிக்கும்.
நாடி பார்ப்பவள்போல் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு
மார்பைப் பார்த்தேன்.
வெளியே பழனி பஸ் ஹாரன் அடித்துப் போனது.
எண்ணிக்கை தவறியது.
மறுபடி ஒன்றிலிருந்து, முழு நிமிடம்.
முப்பத்திரண்டு.

பொத்தானை அவிழ்த்தேன்.
அக்குள் ஓரம், கழுத்துக்குக் கீழே
கேழ்வரகு சிந்தியதுபோல் சிவப்புப் புள்ளிகள்.
அழுத்தினால் வெளுக்கவில்லை.
இது எந்த ஊர் அண்ணா?
"மழ வருது" என்றார், "பருப்ப வாரு."
விரலில் மாட்டிய கருவி எண்பத்தொன்பது.

ஆக்சிஜன் வைத்து, தலைப்பக்கம் உயர்த்தி,
போன் செய்தேன்.
டாக்டர் இளமாறன் மூன்றாவது முறை எடுத்தார்.
"ங்க" சொல்லவில்லை சார் என்று
இரண்டேகால் மணிக்குச் சொல்ல முடியுமா?
தொடை முறிவு சார், மூன்றாம் நாள்.
மூச்சு முப்பத்திரண்டு. மார்பில் புள்ளிகள்.
இடம் தெரியாமல் பேசுகிறார்.
நீங்கள் இப்போதே வரவேண்டும்.

"பத்து மணிக்கு எவ்வளவு இருந்தது?"

ஏடு முன்னால் விரிந்து கிடந்தது.
என் கையெழுத்து, நல்ல கையெழுத்து.
எண்ணவில்லை சார்.
அந்தப் பக்கம் கட்டில் கிரீச்சிட்டது.
"வர்றேன்."

மூன்று நாற்பதுக்கு
நூற்றியெட்டு வண்டி கோவைக்குக் கிளம்பியது.
கட்டைப்பையோடு பாவாத்தாள் முன்னால் ஏறினாள்.

திரும்பி வந்து ஏட்டை எடுத்தேன்.
வெள்ளை மை பூசக் கூடாது, கிழிக்கக் கூடாது.
குறுக்கே ஒரே கோடு,
கீழே இருப்பது படிக்கத் தெரியும்படி.
பக்கத்தில், எண்ணாமல் எழுதியது.
நேரம். பெயர்.
ஜெசிந்தா எட்டிப் பார்த்து,
"கிறுக்காடி உனக்கு? மெமோ வரும்" என்றாள்.
வந்தது.

விடியுமுன் மீதி இருபத்தொரு பேரையும் எண்ணினேன்.
பதினாலு, பதினெட்டு,
குறட்டைக்கு நடுவே இருபத்திரண்டு.
பன்னிரண்டாம் கட்டிலுக்கு
மெய்யாகவே இருபது.
நம்பாமல் இன்னொரு முறை எண்ணினேன்.

பதினோராம் நாள் வார்டு போனில் பாவாத்தாள்:
"ஏனுங்க சிஸ்டர்,
கட்டலுக்கடீல ஒரு சோடி செருப்ப உட்டுட்டு வந்துட்டமுங்க.
கெடக்குதுங்களா? புதுசுங்க."
பின்னால் ஓர் ஆண்குரல்,
தேய்ந்து, நடுவில் ஒரு முறை நின்று:
"காணாமப் போயிருந்தா...
பரவாயில்லீங்கன்னு சொல்லு."