ஓத அளவி

கிளாக்ஸ்விக் துறைமுகச் சுவரில் ஒரு குழாய்.
ஆறு நிமிடத்துக்கு ஒருமுறை
எவ்வளவு இருக்கிறாய் என்று கடலைக் கேட்டு
இரண்டு பைட் எழுதிக்கொள்ளும்.
மூன்று குளிர்காலம், ஒரே கோப்பு.
பொருத்தியவர் கடிகாரத்தைக் கோடைநேரத்தில் வைத்துவிட்டு
டென்மார்க்குக்குக் கப்பலேறிவிட்டார்.
அன்றிலிருந்து காகிதத்தில்
எங்கள் ஓதம் ஒரு மணி தாமதம்.

எழுத்துக்கோப்பு என்று நினைத்துத் திறந்தேன்.
பதினேழாவது பைட்டில் லிஸ்ப் நின்றுவிட்டது:
இது எந்த எழுத்தும் இல்லையாம்.
வாஸ்தவம். கடலுக்கு எழுத்து தெரியாது.
எண் தெரியும், அதுவும் ஒரு மூச்சில்
இருநூற்று ஐம்பத்தைந்து வரைதான்.

உறுப்பு வகை: குறியில்லா பைட், அகலம் எட்டு.
சொன்ன பிறகுதான்
எட்டாதது எட்டெட்டாக எட்டியது.
நூற்று நாற்பத்திரண்டு. சுழியம்.
சிறியது முன்னே வரும் என்று தெரியாமல்
புரட்டிக் கூட்டினேன்.
முந்நூற்று அறுபத்து மூன்று மீட்டர் எழுந்தது கடல்.
தேவாலயம், மீன் ஆலை, என் வாடகை அறை
எல்லாம் உள்ளே.
கிளாக்கூர் மலையில் மட்டும் ஐம்பது மீட்டர் மிச்சம்,
அதில் ஆடுகள் நிற்குமோ என்னவோ.
திரும்பப் புரட்டினேன். வடிந்தது.

திசை என்ன? உள்ளா, வெளியா, இரண்டுமா?
அந்தப் பெயரில் ஏற்கெனவே இருந்தால்?
இரவு இரண்டு மணி. காற்று கூரையைப் பிடித்து உலுக்குகிறது.
வெளி என்றேன். இருந்தால் மாற்றி வை என்றேன்.
ஒவ்வோர் அளவையும் பத்து இடம் முன்தள்ளி எழுதிய வளையம்
கடைசிக்கு வந்து
இல்லாத பத்தை எடுக்கப் போய்
இடறி விழுந்தது.

நகல் வட்டு ஹேயினின் காரில்.
கார் தோர்ஸ்ஹவ்னில்.

கை நடுங்க, விலகு என்ற வரியை அழுத்தினேன்.
திறந்த அடைப்புக்குறிக்குத் தெரிந்திருக்கிறது
வேலை முடித்து வெளியே வருகிறவளுக்கும்
தூக்கி எறியப்படுகிறவளுக்கும் உள்ள வித்தியாசம்.
பாதி எழுதிய புதியதைக் கிழித்துப் போட்டு
பழைய கோப்பை அதே பெயரில்
அதே இடத்தில் வைத்துவிட்டு
மூடிக்கொண்டது.
பைட் பைட்டாக எண்ணிப் பார்த்தேன். குறையவில்லை.

அப்போதுதான் தலைப்பைப் படித்தேன்.
ஐந்தாவது பைட்: நேர வேறுபாடு, நிமிடத்தில்.
சுழியம் என்று இருந்தது.

இம்முறை இரு திசையும். இருந்தால் அதன் மேலேயே.
இடம் நான்கு; லிஸ்ப் சுழியத்திலிருந்து எண்ணும்.
அறுபது.
மூடு.

காலையில் ஹேயின் பனி உதறிக்கொண்டு வந்தான்.
கண்ணெல்லாம் சிவந்திருக்கிறதே ரன்வா,
ராத்திரி முழுக்க என்ன எழுதினாய்?
ஒரு பைட், என்றேன்.