கூட்ஸ் ரசீதின் பின்பக்கம்

ஆரியங்காவு செக்போஸ்ட்டில் காரை ஓரங்கட்டி
டிக்கியைத் திறக்கச் சொன்னார்கள்.
கோழி உண்டா, மணல் உண்டா.
பிஸ்கட் டப்பாவில் காகிதம் இருந்தது.
ஒரு தாளைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு
'ரப்பர்க் கணக்கா?' என்றார் போலீஸ்காரர்.
ஆமாம் என்றான் இசக்கிராஜா, என் கேமராக்காரன்.

செத்து எழுபது வருடம் கழித்து
அனிசெட்டோ கொர்ரேயா
ரப்பர்க் கணக்காக எல்லை தாண்டினார்.
அவர் இருந்தவரை இங்கே எல்லையே கிடையாது.
அவரைப் புதைத்த மறுவருடம்தான்
அது கிழக்கிலிருந்து நகர்ந்து
இந்த மலைமேல் வந்து உட்கார்ந்தது.

மீட்டர்கேஜ் காலத்துக் கூட்ஸ் கிளார்க்.
பகலில் ஓடு, ஏலமூட்டை, எலுமிச்சைக்கூடை.
ராத்திரியில்
மிஞ்சிய ரசீதுகளின் பின்பக்கத்தில் ஐந்து கோடு இழுத்து
கிளாரினெட்டுக்கு ஒன்று, ட்யூபாவுக்கு ஒன்று என்று
யாரும் கேட்டு வாங்காத பாட்டுகளை எழுதியிருக்கிறார்.
போட்டோ கிடையாது.
சம்பளத்தில் ஒன்றே முக்கால் ரூபாய் பிடித்ததற்கு
ஒரு கடிதம் மட்டும் உண்டு:
காரணம், 'டூட்டி நேரத்தில் விசில் அடித்தல்'.

புனலூர் மாதாகோயில் புத்தகங்களில்
'இனம்' என்ற கட்டத்துக்கு
மூன்று சாமியார், மூன்று மை.
பிறந்தபோது துப்பாசி.
கல்யாணத்தில் சட்டைக்காரன்.
அடக்கத்தில் பறங்கி.
தகப்பனுக்குக் கொச்சி, கப்பல் பெயர், தாத்தா பெயர் என
இரண்டரை வரி.
தாய்: மரியாள். புளியறை.
மரியாள் ஆவதற்கு முன்னால் அவள் யார் என்று விசாரிக்கப் போய்
எந்த வாசலில் கேட்பதென்று தெரியாமல்
பகல் முழுக்க நெல் அறுப்பைப் படமெடுத்துவிட்டு வந்தோம்.

பணம் தருகிற கமிட்டி கேட்கிறது:
நாயகர் எந்தச் சமூகத்தின் பாரம்பரியம்?
ஐம்பது சொற்களுக்குள் எழுதுக.
என்னிடம் மூன்று இருக்கின்றன.
மூன்றும் அவர் சொன்னவை அல்ல.

இடப்பாளையத்தில் மழைக்கு ஒதுங்கி
டீ சொல்லியிருந்தோம்.
எதிரே ஒரு சாவு.
பத்ரோஸின் பேண்டு செட்,
தொப்பிகளுக்குமேல் பிளாஸ்டிக் பை கட்டி
ஏற்றத்தில் வந்துகொண்டிருந்தது.
நாலாவது அடியில் எனக்குத் தெரிந்துவிட்டது.
டப்பாவில் ஏழாவது தாள்.
தென்காசியில் ஏ.சி. அறையில்
கீபோர்டு பையனை வைத்துப் பத்து முறை வாசித்துக் கேட்டது.

பதினோராவது பாரில் நிறுத்தினார்கள்.
எல்லா வாத்தியமும்.
இரண்டு அடிக்கு மழைச்சத்தம் மட்டும்.
பிறகு ஒன்றும் நடக்காததுபோல் ஊதிக்கொண்டு போனார்கள்.

என் தாளில் அதே பாரில்
ராமபாணப் பூச்சி தின்ற ஓட்டை.
கீபோர்டு பையன் அதை அழகாக நிரப்பித் தந்திருந்தான்.
டிரெய்லரில் சேர்த்து
நாங்கள் எல்லோரும் கண்கலங்கியிருந்தோம்.

குழி மூடியபின் பத்ரோஸிடம் கேட்டேன்.
'அது அப்படித்தான். அங்கே எண்ணணும்.'
என்னவென்று?
ட்யூபாக்காரர் உதட்டைத் துடைத்துக்கொண்டு
சின்னக் குரலில் சொல்லிக் காட்டினார்:
உங். தோஸ்.
இது என்ன பாஷை?
'பாஷை ஒண்ணும் இல்ல. எண்ணுறதுக்கு.'
மூணுக்கு என்ன?
அவர் பத்ரோஸைப் பார்த்தார்.
பத்ரோஸ் ஈரத்தொப்பியைப் பிழிந்தார்.
'மார்ச்சுக்கு ரெண்டு போதும்.'

லாட்ஜ் மேசைமேல் தாளை முதன்முறையாகத் திருப்பிப் போட்டேன்.
இத்தனை மாதம் அந்தப் பக்கத்தைப் பார்த்ததே இல்லை.
எலுமிச்சை, பன்னிரண்டு கூடை.
புறப்பட்ட இடம் செங்கோட்டை.
சேருமிடம் என்ற கட்டத்தில்
அதே ஓட்டை.

இசக்கிராஜா லென்சை அதன்மேல் வைத்து
வெகுநேரம் ஃபோகஸ் பண்ணினான்.
'மேசை தெரியுதுக்கா' என்றான்.