பதினோராம் நிமிடம்

உரக்கடையில் யூரியா கேட்டதும்
எத்தனை ஏக்கர் என்றார்.
ஏக்கர் இல்லைங்க, ஆறு என்றேன்.
சிரித்துக்கொண்டே ஆதார் கேட்டார்.

மூடிய பீங்கான் குப்பியில்
ஐந்நூற்று ஐம்பது டிகிரி, நான்கு மணி நேரம்.
ஆய்வகம் முழுக்க அம்மோனியா நெடி.
திறந்தால் வெள்ளை போய்
வெளிறிய மஞ்சள் பொடி.
லீ பஜாரில் மூட்டை பிரித்த இடத்தில்
தரையோடு ஒட்டிக் கிடக்குமே, அந்த மஞ்சள்.
வெயில் பட்டால் போதும்,
இதற்குப் பசி எடுக்கும்.

சுத்திகரிப்பு நிலையத்து மொட்டை மாடியில்
பன்னிரண்டு கண்ணாடிக் குழாய்கள்.
கீழே திருமணிமுத்தாறு,
பெயரில் மட்டும் மணியும் முத்துமாய்.
மாதையன் பம்பு போடுகிறார்.
நுரை அடங்கி, நாற்றம் போய், தெளிந்த தண்ணீர்.
‘சுத்தமாத்தான இருக்குது?’

இருக்கிறது.
அதற்குள் அம்மாபேட்டையின் மூட்டுவலி இருக்கிறது.
குகையின் காய்ச்சல்,
கொண்டலாம்பட்டியின் ரத்த அழுத்தம்,
யாரோ மூன்றாம் நாளே நிறுத்திவிட்டுக்
கழிவறையில் கொட்டிய ஆன்டிபயாட்டிக்.
‘எஞ் சுகர் மாத்திரையுமா?’
அதுவும்தான் அண்ணே.
காலையில் போட்டதா ராத்திரி போட்டதா
என்று மட்டும் சொல்ல முடியாது.
அவர் குழாயையே பார்த்துக்கொண்டு நின்றார்,
பேருந்தில் யாரையோ அடையாளம் கண்டவர்போல.

அவரிடம் சொல்லாதது:
பதினோராம் நிமிடத்தில் எழும் முகடு
என்னுடையது.
கார்பமசெப்பின், இருநூறு மில்லிகிராம், இரண்டு வேளை,
பத்தாம் வகுப்பில் பிரேயரில் விழுந்த நாள்முதல்.
உடம்பு எடுத்துக்கொண்டது போக மிச்சம்
அன்னதானப்பட்டி வீட்டிலிருந்து
எனக்கு முன்னால் வேலைக்கு வந்துவிடுகிறது.
டோல்கேட்டில் ஆம்புலன்ஸுக்குப்போல
எல்லாத் தொட்டியும் அதற்கு வழிவிடும்.
பாக்டீரியா தொடாது.
எனக்குள் மின்சாரத்தை அடக்கி வைப்பதை
வெளியே நான் வெளிச்சத்தால் உடைக்கிறேன்.
இது நன்றிகெட்டதனமா என்று
ஒருநாள் யோசித்துமிருக்கிறேன்.

பத்து மணிக்கு நூறு.
பன்னிரண்டுக்கு எழுபத்தொன்று.
இரண்டேகாலுக்கு நாற்பத்துநான்கு.
அப்போது ஏற்காட்டிலிருந்து மேகம் இறங்கியது.
சேர்வராயன் மலைக்குப் பழக்கம் அது,
யாரையும் கேட்காது.
பொடி வெறும் பொடியாகக் கிடந்தது.
மாதையன் அண்ணாந்தார்.
‘மழ வந்தா ஆறே ரொம்பிப் போயிரும்,
நீ எதுக்கும்மா கவலப்படற?’
நீர்த்துப்போவது வேறு அண்ணே,
தீர்ந்துபோவது வேறு.

மழை வரவில்லை.
நான்கு மணிக்கு மறுபடி வெயில்,
சாய்ந்து, கஞ்சமலைப் பக்கத்திலிருந்து.
கடைசி மாதிரியை ஆறு மணிக்கு ஓட்டினேன்.
பதினோராம் நிமிடம் வந்தது.
போனது.
கோடு தரையோடு கிடந்தது.
ஆற்றுக்குப் போகும் தண்ணீரில்
முதல்முறையாக நான் இல்லை.

மாதையனைக் கூப்பிட வாயெடுத்தேன்.
அதற்குள் கண்ணில் பட்டது:
ஆறாம் நிமிடத்தில் சின்னதாய் ஒன்று,
எட்டில் இன்னொன்று,
காலையில் இல்லாதவை.
உடைந்த துண்டுகள்.
பெயர் தெரியவில்லை.
என்ன செய்யும் என்று
இனி மீனைத்தான் கேட்க வேண்டும்.

நோட்டில் எழுதினேன்:
தாய் மருந்து இல்லை.
பிள்ளைகள் இரண்டு, ஒருவேளை மூன்று.
நாளை, வெயில் இருந்தால்.

எட்டரைக்குச் சாப்பிட்டு
அட்டையைப் பிதுக்கினேன்.
உள்ளங்கையில் ஒரு வெள்ளை.
மேட்டூர்த் தண்ணீர்
அரை டம்ளர்.