படம் ஏழு

ஔலு நகரத்தில் அன்று மைனஸ் இருபத்தேழு.
தொலைபேசியில் வெய்யோ என்றொருவர்.
"வெப்பப் பம்பின் கையேட்டை எழுதியது நீங்கள்தானா?"
ஆமாம் என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.
பதினோரு ஆண்டு, நான்கு பதிப்பு,
பின்னட்டையில் சிறிய எழுத்தில்
துலியா ராவ்தியோ.

"அப்படியானால் கேளுங்கள்" என்று
கணினியை என் பக்கம் பேசவிட்டார்.
அவசரமே இல்லாத ஒரு குரல்:

அழுத்தம் குறைந்தால்
படம் ஏழில் காட்டியபடி வால்வைத் திறக்கவும்.
படம்.
இறுதி அடிக்கோடு புதியது அடிக்கோடு இரண்டு.
சிவப்பில் உள்ளதைத் தொட வேண்டாம்.

"எது சிவப்பு?" என்றார்.
கோபம் இல்லை.
பற்கள் தந்தியடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது.
"அட்டவணையும் இருக்கிறது, கேட்கிறீர்களா?
ஆம் இல்லை இல்லை ஆம் நாற்பது கோடு அறுபது.
எதற்கு ஆம்? எதில் நாற்பது?"

கோப்பைத் திறந்தேன். படம் ஏழு.
நூறு முறை கடந்துபோன படம்.
சொல்லத் தொடங்கினேன்:
முன்மூடியைக் கழற்றினால் மூன்று குழாய்.
நடுவில் உள்ளது தடிமன், மேலே பஞ்சு உறை.
அதைப் பிடித்தபடியே கீழே வாருங்கள்.
ஒரு சாண் தூரத்தில், இடப்பக்கம்,
இரண்டு காதுள்ள ஒரு பிடி.

"இடப்பக்கம் தகரம்தான் இருக்கிறது."

நன்றாகத் தேடுங்கள் என்றேன்.
அதைச் சொன்னதற்காக இன்னும் கூசுகிறது.

"வலப்பக்கம் இருக்கிறது. இரண்டு காது. ஆமாம்."

படத்தைப் பார்த்தேன்.
பிறகு, முதல்முறையாக, பார்த்தேன்.
வரைந்தவர் எப்போதோ கண்ணாடிபோல் திருப்பிப் போட்டுவிட்டு
எண்களை மட்டும் நேராக எழுதியிருக்கிறார்.
பதினோரு ஆண்டாக
எத்தனை ஆயிரம் கண்கள் இதைத் தாண்டியிருக்கும்!
ஒருவரும் எழுதிக் கேட்கவில்லை.
இயந்திரத்தைப் பார்த்துத் திருகிவிட்டு
படத்தை மன்னித்திருக்கிறார்கள்.
மன்னிக்க வசதியில்லாத ஒரு மனிதர்
உறைந்த விரலோடு
என் பிழையைத் தொட்டுக் காட்டினார்.

குழாய் செருமியது.
எனக்கே கேட்டது, தொலைபேசி வழியாக.
"வருகிறது" என்றார்.
"மீதி இருபத்திரண்டு படங்கள்?" என்று கேட்டுவிட்டு
பதிலுக்குக் காத்திராமல் வைத்தார்.

மூன்று மணிக்கே வெளியே இருட்டிவிட்டது.
கண்ணை மூடிக்கொண்டு எழுதிப் பார்த்தேன்.
வெறும் நடிப்பு அது.
திறந்துவைத்துக்கொண்டு எழுதுவதுதான் கஷ்டம்.

சிவப்புக் கம்பி, கீழிருந்து இரண்டாவது,
சொரசொரப்பான உறை போட்டது என்றானது.
அட்டவணையின் ஒவ்வொரு கட்டத்துக்கும்
அது யாருடைய பிள்ளை என்று எழுதினேன்.

படம் எட்டு.
ஒரு கை, ஒரு திருகாணி, ஒரு அம்புக்குறி.
வலமா இடமா என்று எழுதப் போனேன்,
எழுதவில்லை.
கோட்டை மாட்டிக்கொண்டு
கிடங்குச் சாவியைத் தேடினேன்.