கறுக்கும்வரை

மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறிவந்த நேந்திரன்
கோத்தகிரிக் குளிரில் பழுக்க மறுத்தது.
பதினோரு நாள்.
முதலில் அரிசி டிரம்முக்குள், பிறகு
சிலிண்டருக்குப் பின்னால் சாக்கில்.

"அழுகிப்போச்சு" என்று பிலோமி
இருமுறை குப்பையில் போட்டாள்.
இருமுறை எடுத்தேன்.

கப்பலில் எனக்குப் பக்கத்து அடுப்பு டெல்ராய்,
ஜமைக்காக்காரன்.
தோலை அமுக்கிப் பார்த்து
"இன்னும் இல்லை" என்பான்.
சம்பளத்தைப் பற்றிக் கேட்டாலும் அதேதான்.

இன்று முழுக்கக் கறுப்பு.
சாய்வாக அரிந்து
தேங்காயெண்ணெயில், சிறு தீயில்.
ஓரம் கருகி நடுவில் பாகாய் இளகியது.
மேலே ஒரு சிட்டிகை உப்பு.

பிலோமி நின்றபடியே நான்கு தின்றாள்.
ஐந்தாவதைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள்:
"இதுக்குத்தான் ஏழு வருஷம்
வீட்டுக்கு வராம இருந்தீங்களா?"